மக்ரூன் டப்பாவில் இரண்டு நத்தைகள்

முள்ளக்காட்டைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில் எங்கள் பஸ் நின்றுபோனது. டிரைவர் இறங்கி முன்பக்கம் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் பார்த்தார். இருவரும் நடுவில் சந்தித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதும், வண்டி இப்போதைக்குக் கிளம்பாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. என் மடியில் ஒரு மக்ரூன் டப்பா. அதற்குள் இரண்டு நத்தைகள்.

தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் மக்ரூன் டப்பாவோடு யாராவது உட்கார்ந்திருப்பது புதிதல்ல. அதனால் என்னையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. மூடியில் நான் ஊசியைச் சூடாக்கிப் போட்டிருந்த ஓட்டைகளைக் கவனித்தவர்கள் மட்டும் கேட்பார்கள். கேட்டால் உண்மையைச் சொல்வேன். சொன்னதும் எனக்கு உட்காரக் கொஞ்சம் தாராளமாக இடம் கிடைக்கும்.

துளசியோடு வந்தவை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில், ஒரு பெருமாள் கோயிலில் பட்டர். பெருமாளை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. அதனால் வாரநாட்களில் நானும், கல்லூரிக்குப் போகும்வரை மகள் கோதையும் தூத்துக்குடி வாடகை வீட்டில். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவோம். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி பஸ்ஸில்தான் ஓடியிருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் கோயில் நந்தவனத்திலிருந்து ஒரு துளசிச் செடியை மண்ணோடு பெயர்த்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் தொட்டியின் விளிம்பில் மிளகு அளவில் இரண்டு நத்தைகள். நான் எடுத்து வெளியே போடப் போனேன். கோதை தடுத்துவிட்டாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

அவள்தான் பெயர் வைத்தாள். கொஞ்சம் சுறுசுறுப்பானது எக்ஸ்பிரஸ். தொட்டால் உள்ளே போய்ப் பாதி நாள் வெளியே வராதது பாசஞ்சர். வெள்ளரிக்காயும் கீரைத்தண்டும் தின்று இரண்டும் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தன.

ஓடு கெட்டியாக இருக்க முட்டை ஓட்டுப் பொடி வேண்டுமாம். முட்டை எங்கள் வீட்டு வாசற்படி ஏறாத பொருள். ஆனால் பள்ளியில் சத்துணவு முட்டையின் ஓடு தினமும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும். அதில் கொஞ்சம் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, பழைய மிக்ஸி ஜாரில் பொடித்து வைத்தேன். பட்டர் வீட்டு மாமி முட்டை ஓடு பொறுக்குவதைப் பார்த்துச் சத்துணவு ஆயா பாதி நாள் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஜார் இன்னும் பரணில் இருக்கிறது. என் கணவருக்கு இந்த விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும், போகட்டும்.

அவர் முதலில் நத்தைகளைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திவைத்திருந்தார். “ஆத்துக்குள்ள ஊர்றதெல்லாம் வேண்டாம்” என்றார். கோதை பதில் சொன்னாள்: “அப்பா, பெருமாள் கையில இருக்கற சங்கு மட்டும் என்னவாம்? அதுவும் கடல்ல இருக்கற நத்தைதானே?”

அவர் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தார். பிறகு டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டுவந்து கூடத்தில் நிழலாகப் பார்த்து வைத்தார். அந்தச் சங்கு விஷயம் பின்னால் என்னை வேறு விதமாக வந்து இடிக்கும் என்று அப்போது தெரியாது.

கண்டக்டரின் சந்தேகம்

நத்தைகளைச் சனி, ஞாயிறு வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு முறை விட்டோம். திரும்பி வந்தபோது டப்பாவைச் சுற்றிக் கட்டெறும்புகள் வரிசை கட்டியிருந்தன. உள்ளே புகுவதற்குள் வந்துவிட்டோம். அன்றிலிருந்து அவையும் எங்களோடு பஸ் ஏறின.

நாங்கள் ஏறுவது பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். கண்டக்டர் அண்ணாச்சிக்கு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியவந்த நாளில் ஒரு விசாரணையே நடந்தது.

“டீச்சர், கோழிக்கு டிக்கெட்டு உண்டு, ஆட்டுக்கு உண்டு. இதுக்கு என்ன போட?”

“இது கோழியும் இல்லை, ஆடும் இல்லையே அண்ணாச்சி.”

“சரி, ஆணா பொண்ணா? பொண்ணுன்னா இலவசம், பிரச்சினை இல்ல.”

கோதை குறுக்கே புகுந்து, நத்தையில் ஆண் தனி பெண் தனி கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான் என்று விளக்கினாள். கண்டக்டர் பென்சிலால் காதைச் சொறிந்தார்.

“அப்பம் அரை டிக்கெட்டால்லா வருது!” என்றார். பஸ்ஸே சிரித்தது. அதோடு விசாரணை முடிந்தது. டிக்கெட் போடவில்லை.

அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ரோஸ்லின். தருவைகுளத்தில் பிறந்து தூத்துக்குடியில் வாக்கப்பட்டவர். சனிக்கிழமைதோறும் அலுமினியச் சட்டியில் மீனும் நண்டுமாக ஏரலுக்கு விற்கப் போவார். எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்காருவார். “நீங்க சாமி வீட்டுக்காரங்க, மீன் வாடை ஆவாது” என்பார். நான் பக்கத்தில் உட்காரச் சொன்னாலும் கேட்கமாட்டார். கோதை கல்லூரிக்குப் போன பிறகுதான், நான் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே பக்கத்து இருக்கைக்கு வந்தார்.

நான்கு கேள்விகள்

கோதை போன கதையையும் சொல்லிவிட வேண்டும்.

தூத்துக்குடியிலேயே கணிதம் படிப்பாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவள் விவசாயம் படிக்கப்போகிறேன் என்று தொலைவில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒரு மாதம் சண்டை. கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து அவள் ஒன்று சொன்னாள்.

“அம்மா, உனக்கு எல்லாத்துக்கும் விடை தெரியும். என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல நீ.”

நான் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. விடுதியில் நத்தை வளர்க்க முடியாது. டப்பா என் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வாரம் ஒரு முறை கூப்பிடுவாள். சனிக்கிழமை காலையில், நான் பஸ்ஸில் இருக்கும் நேரம் பார்த்து. கேள்விகள் மாறாது. ரெண்டும் எப்படி இருக்கு? சாப்பிட்டுதா? மண்ணு ஈரமா இருக்கா? ஓடு உதிரலையே? நான் ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதுவதுபோலப் பதில் சொல்வேன். “சரிம்மா, வைக்கறேன்.” அவ்வளவுதான்.

அவளிடம் ‘நீ எப்படி இருக்கே’ என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வரும். கேட்டால், ‘இப்பத்தான் கேக்கத் தோணித்தா’ என்று சொல்லிவிடுவாளோ என்று விழுங்கிவிடுவேன். ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: நத்தைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மகள் என்னைக் கூப்பிட வேறு காரணமே இருக்காது என்று நான் பயந்தேன். வெள்ளரிக்காயை அவ்வளவு மெல்லிசாக அவற்றுக்கு நறுக்கிப் போட்டதெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

நீலக் கேன்

பஸ் நின்றுபோன அன்றைக்கும் வழக்கம்போலப் போன் வந்தது. உள்ளே ஒரே சத்தம். “கொஞ்சம் பிடிச்சுக்கோங்க ரோஸ்லின்” என்று டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, ஒரு உடைமரத்தின் அரைகுறை நிழலில் போய் நின்றேன்.

“ரெண்டும் எப்படி இருக்கு?”

“நன்னா இருக்கு.”

“சாப்பிட்டுதா?”

“ராத்திரி முழுக்கத் தின்னுது.”

மற்ற இரண்டு கேள்விகளும் முடிந்தன. போன் வைக்கப்பட்டது. உப்பளத்தில் குவித்துவைத்திருந்த உப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ரோஸ்லின் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். “டீச்சர், வெக்கை தாங்காம ரெண்டும் வாய மூடிக்கிட்டுக் கெடந்துச்சு. நல்லவேளை, நான் பாத்தேன். தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். இப்பம் தலைய நீட்டும், பாருங்க.”

“என்ன தண்ணி?”

அவர் காலடியில் இருந்த நீலக் கேனைக் காட்டினார். நண்டு வாடாமல் இருக்க அதன்மேல் தெளிப்பதற்காகக் கடலிலிருந்து மொண்டு வரும் தண்ணீர்.

டப்பாவைத் திறந்தேன். இரண்டும் வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டிருந்தன.

“கடல் தண்ணியா? உப்புப் பட்டா செத்துடுமே! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?”

பத்தாம் வகுப்பைக் கடைசி பெஞ்சுவரை அடக்கும் குரல் அது. பஸ் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. ரோஸ்லினின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

“எங்கன டீச்சர் தெரியும்? எங்க வீட்டுக்காரரு சங்கு குளிக்கப் போறவரு. சங்கு இப்படித்தான், காஞ்சா மூடிக்கிடும். கடத்தண்ணி ஊத்துனா உசிரு வந்துரும். ஓடு இருக்கது எல்லாம் கடல்ல பொறந்ததுன்னுதான் எங்களுக்குத் தெரியும். இது நெலத்து நத்தை, உப்பு ஆவாதுன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கீயளா?”

சொல்லவில்லை. எத்தனையோ வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். வெள்ளரிக்காய் பற்றிச் சொல்லியிருக்கிறேன், மிக்ஸி ஜார் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நத்தையும் உப்பும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்த அந்த ஊரில் ஆற்றங்கரைக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

பதிலுக்குக் காத்திராமல் ரோஸ்லின் எழுந்துவிட்டார். “ஏளா, ஆருட்ட நல்ல தண்ணி இருக்கு? குடுங்க, சீக்கிரம் குடுங்க!” நாலைந்து பாட்டில்கள் கைமாறி வந்தன. என்னிடமிருந்து பாசஞ்சரை வாங்கி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தார். ஓட்டை எப்படிப் பிடித்தால் உடையாது என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. நான் தண்ணீரை ஊற்ற ஊற்ற நுரை வழிந்து பஸ்ஸின் தரையில் ஓடியது. பிறகு எக்ஸ்பிரஸ். பிறகு டப்பா. பாட்டில்கள் காலியாகிவிட்டன, நுரை நிற்கவில்லை.

டிரைவரிடம் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருந்தது. சூடேறி நின்ற வண்டிக்கு ஊற்ற வைத்திருந்தது. சுற்றிலும் உப்புநீர்தான், அதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். “வண்டிக்கு வச்சிருக்க தண்ணிய நத்தைக்கு ஊத்தவா?”

டிரைவர் கேனைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டினார். “மொதல்ல அதுக்கு ஊத்துங்க. வண்டி ஒண்ணும் செத்துராது.”

அப்படியே ஊற்றினோம். எதிரே வந்த ஒரு லாரியை நிறுத்தி, வண்டிக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டு கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ரோஸ்லின் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த கையை மறுபடி மறுபடி துடைத்தார். ஏரலில் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “வாரேன் டீச்சர்” என்று இறங்கிப் போனார்.

வந்த இடம்

வீட்டில் என் கணவர் ஈரத்துண்டை விரித்துத் துளசிமாடத்தின் நிழலில் இரண்டையும் வைத்தார். ஆற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து, கையால் அள்ளி அள்ளித் தெளித்தார். கோயிலுக்குப் போனவர் நடுவில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். நத்தையைப் பார்க்க ஒரு பட்டர் கோயிலிலிருந்து வந்துபோனது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் எக்ஸ்பிரஸ் ஒரு கொம்பை நீட்டியது. பிறகு இன்னொன்று. நான் சத்தம் போட்டு அவரைக் கூப்பிட்டேன்.

பாசஞ்சர் வரவில்லை. அது எப்போதும் தாமதமாகத்தானே வரும் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் அதை எடுத்தபோது ஓடு லேசாக இருந்தது, வாடை வந்தது.

அவர் நந்தவனத்தில், அந்தத் துளசியைப் பெயர்த்த இடத்திலேயே சின்னதாகக் குழி தோண்டினார். “வந்த இடத்துக்கே போயிடுத்து” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதுக்குத் தீட்டு உண்டோ?” என்று என்னைக் கேட்டார். “நீங்கதானே பட்டர்? என்னைக் கேட்டா?” என்று எரிந்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் ஆற்றில் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த சனிக்கிழமைவரை கோதை கூப்பிடமாட்டாள். ‘நன்னா இருக்கு’ என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தேன். ஒன்றைக் காட்டி இரண்டு என்று ஒப்பேற்றிக்கொண்டு காலம் தள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படிக் கணக்கைத் திருத்துகிற பிள்ளைகளுக்கு நான் பூஜ்யம் போடுகிறவள். நந்தவனத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். நான் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

சொன்னேன். பஸ், வெயில், நீலக் கேன், டிரைவரின் தண்ணீர், துளசி. எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபத்தில் வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“கோதை, அழறியா?” என்று கேட்டேன்.

“இல்ல.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “நீ?”

“ஆமா. காலையிலேருந்து.”

“அந்த ரோஸ்லின் அக்கா பாவம்மா. அவாகிட்டக் கத்தினியா?”

“கத்தினேன்.”

“தெரியும்” என்றாள். அழுகையோடு சிரிக்கவும் செய்தாள்.

அதற்குமேல் அடக்கிவைக்க எனக்குத் தெம்பில்லை. “நீ எப்படிடி இருக்கே? அங்க உனக்குப் பிடிச்சிருக்கா? பக்கத்துல பேச யாராவது இருக்காளா?” என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினாள். வெயில் கிணற்றடிக்கு வந்து, என் காலைத் தாண்டி, தொட்டி வரைக்கும் போய்விட்டது. பயிரைத் தின்னும் நத்தைகளை எப்படி ஒழிப்பது என்பதுதான் அவளுக்கு அந்த வாரப் பாடமாம். அவள் நோட்டை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சும்மாட்டுத் துணி

அடுத்த சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நான் தாமதமாகத்தான் போனேன். ரோஸ்லின் வேறு பஸ்ஸில் போயிருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பே வருத்தமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை இரண்டு மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நடுவில் ஒரு ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் ரோஸ்லின் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணி. பக்கத்தில் அவர், யாரோ ஒருவருடன் அந்த இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க டீச்சர் வருவாங்கன்னு சொல்லுதேன், கேக்கமாட்டீயளா?”

உட்கார்ந்தேன். யோசித்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்றேன்.

“விடுங்க டீச்சர். ஒண்ணு போயிட்டோ?”

“ஆமா. பாசஞ்சர்.”

“மாதாவே” என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். வெள்ளை வெளேரென்று ஒரு கணவாய் மீன் ஓடு. “ஓட்டுக்கு நல்லதுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. உங்க வீட்டுக்கு முட்டை ஆவாதுல்லா? வாரம் பூராவும் நல்ல தண்ணியில ஊறப்போட்டேன். தண்ணிய மாத்தி மாத்தி விட்டேன். நக்கியும் பாத்துட்டேன், துளி உப்பு இல்ல.”

கணவாய் எந்தக் கணக்கில் சைவம் என்று நான் கேட்கவில்லை. நானும் ஒரு ஓரத்தை நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை.

முள்ளக்காடு வருவதற்குள் போன் அடித்தது. சொல்லப்போகும் நான்கு பதில்களை வழக்கம்போல மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு எடுத்தேன். இப்போது முதல் கேள்வியே மாற வேண்டும், இரண்டு இல்லையே என்று அதற்குள் நினைத்தும்விட்டேன்.

“அம்மா, உக்கார எடம் கெடச்சுதா?”

வெளியே உப்பளம் ஆரம்பித்திருந்தது.

“கெடச்சுதுடி. ஜன்னலோரம். ரோஸ்லின் துணி போட்டு வச்சிருந்தா.”

ரோஸ்லின் அவசரமாக என் முழங்கையை இடித்தார். “நான் டப்பாவத் தொடவே இல்லன்னு சொல்லுங்க டீச்சர்.”

நான் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.